நுண்குழலுக்கு வித்திடும் புரதங்கள்

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் சுபாங் ஜெயா மருத்துவ மையமும் சிங்கப்பூர் மருத்துவமனைகளுடன் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வில், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான 556 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஆறாண்டு உயிர்வாழ்வு விகிதம் 88 விழுக்காட்டைத் தாண்டியதாக 2012இல் வெளியான முடிவுகள் கூறின. முதற்கட்டத்தில் கொடுக்கப்பட்ட மூன்று மருந்துகளுள் ஒன்றான வின்கிறிஸ்டின், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. அது தாக்கும் இலக்கு, உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குழல்.

ஆல்பா, பீட்டா என்னும் இருவகை டியூபுலின் புரதங்கள் இணை இணையாகக் கோர்த்து இழையாகி, அத்தகைய 13 இழைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும்போது, ஏறத்தாழ 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல் உருவாகிறது. உருவான குழல் எளிதாக நீளும். ஆனால் முதலில் கூடும் சில இணைகள் நிலைபெறுமுன்பே உதிர்ந்துவிடுவதால், குழல் தானாகத் தொடங்குவது மிக அரிது. இந்தத் தடையைக் கடக்க உதவுவது, 1989இல் பெர்ல் ஓக்லியின் ஆய்வுக்குழு ஒரு பூஞ்சையில் கண்டறிந்த காமா டியூபுலின். மனித உயிரணுவில் 14 காமா டியூபுலின்கள் துணைப் புரதங்களோடு சேர்ந்து திருகுவடிவ வளையமாக அமைந்து, புதிய குழலுக்கு அச்சாக நிற்கின்றன.

இவ்வளையங்களை ஓரிடத்தில் திரட்டுவதே சென்ட்ரோசோம் என்னும் உயிரணு உறுப்பின் பணி. ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரு சென்ட்ரியோல்களைச் சூழ்ந்துள்ள புரதத் திரளில், பெரிசென்ட்ரின் சாரமாக நின்று பிற புரதங்களைத் தாங்க, சிடிகே5ஆர்ஏபி2 என்னும் புரதம் காமா வளையங்களை ஈர்த்துச் செயல்படத் தூண்டுகிறது. உயிரணு பிளவுபடும் வேளை நெருங்கியதும், பிஎல்கே1 என்னும் நொதி இத்திரளின் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்க, திரள் பருத்து, முன்னிலும் மிகுதியான குழல்களை வளர்க்கிறது. அவை கதிர்கோலாக அணிவகுத்துக் குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்திழுக்கின்றன.

வியப்புக்குரியது என்னவெனில், நித்தியகல்யாணி உட்படப் பூக்கும் தாவரங்கள் எவற்றுக்கும் சென்ட்ரோசோம் கிடையாது. அவற்றின் உயிரணுக்களில் காமா டியூபுலின் வளையங்கள் உட்கருவின் மேற்பரப்பிலும் உயிரணுவின் விளிம்பிலும் இருந்தே குழல்களைத் தொடங்கிவைக்கின்றன. ஆகவே, ஒழுங்கமைக்கும் ஆற்றலைச் சென்ட்ரோசோம் என்ற உறுப்பின் தனியுரிமையாகக் கருதுவதைவிட, அங்கே கூடும் புரதங்களுடையதாகக் கருதுவதே பொருந்தும்.

வின்கிறிஸ்டின் காமா வளையத்தைத் தொடுவதில்லை. பீட்டா டியூபுலினைப் பற்றிக் குழலின் வளரும் முனையை முடக்குகிறது. கதிர்கோல் செம்மையாக அமையாததால் புற்றணு பிளவுபட இயலாமல் மடிகிறது. ஆனால் நரம்பணுவின் நீண்ட இழைகளுக்குள் சரக்குகள் செல்வதும் இதே நுண்குழல்களின் வழியேதான். அதனால் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு விரல்களில் மரமரப்பும் கால்களில் தளர்ச்சியும் மலச்சிக்கலும் தோன்றக்கூடும்; மருத்துவர்கள் நரம்புகளின் நிலையைக் கவனித்து மருந்தின் அளவைக் குறைக்கவோ சிறிது காலம் நிறுத்தவோ நேர்கிறது. நஞ்சுள்ள இச்செடியின் இலையை வீட்டில் கொதிக்கவைத்துக் குடிப்பது, அளவறிந்து சிரை வழியே செலுத்தப்படும் அம்மருந்துக்கு எவ்வகையிலும் ஈடாகாது.