அறிந்த ஊர்தான்!

நெல் எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்கும் படிப்பாளியைப் பற்றிச் சொல்லி நாம் மேடையில் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்பைச் சற்றே நிறுத்துவோம், தோழர்களே!

1915-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். கரும்பலகையோடு நின்றாரா? இல்லை! வினாத்தாளைக் கொடுத்து, மாணவரை அவர்கள் அறிந்த ஊர்களுக்கே அனுப்பினார். நிலம் யாருக்கு? கூலி எத்தனை படி? கடன் எவ்வளவு?

அறிந்த ஊர்தான்! வரப்பு தெரியும், வாய்க்கால் தெரியும். உழுபவன் வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது என்று அதுவரை கேட்டவர் யார்? கேட்பதற்கே ஒரு வெள்ளைக்காரர் வினாத்தாள் வர வேண்டியிருந்தது! (நமக்கும் வெட்கம்தான்.)

தென்னார்க்காட்டு இருவேல்பட்டில் கண்டெழுதியது என்ன? படியாள்! கல்யாணச் செலவுக்குக் கைநீட்டிக் கடன் வாங்கினான், பண்ணைக்கு ஆளானான். அடைக்க முடியாத கடன், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது. மிராசுதாரன் மகனுக்கு நிலம் இறங்கியதே, அதைப்போல!

இவை 1918-ல் நூலாக அச்சேறின. கொத்தடிமைக் கடன் செல்லாது என்ற சட்டமோ 1976-ல்! இடையே 58 ஆண்டுகள். ஏட்டில் பெயரில்லாத அந்தப் படியாளின் பேரனும் அதற்குள் ஏர் பிடித்திருப்பான்.