அப்டேட் போட்டும் ஏன் எதுவும் மாறவில்லை?

டெபியன், உபுண்டு டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ அடித்தால் வரிவரியாக ஏதோ ஓடும்; ஒரு மென்பொருள்கூடப் புதிதாகியிருக்காது. அது சர்வரிலிருந்து இறக்குவது மென்பொருள்களின் பட்டியலை மட்டுமே. அதில் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. இடையில் யாராவது கைவைத்திருந்தால் ஆப்ட் ஏற்காது. மென்பொருளை இறக்கி நிறுவுவது ‘ஆப்ட் அப்கிரேட்’.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே எப்படி மாற்றுகிறது? விண்டோஸிலிருந்து வந்தவர்கள் வியப்பது நியாயம்தான். பழைய கோப்பின்மேல் எழுதுவதில்லை. புதியதைத் தனியாக எழுதி, பெயரை அதற்கு மாற்றிவிடுகிறது. பெயர் போனாலும், நிரல் மூடப்படும்வரை பழைய கோப்பு வட்டிலேயே கிடக்கும். ஆகவே மூடித் திறந்தால்தான் புதிய பதிப்பு வரும்.

கெர்னல் மாறினால் பெரும்பாலும் ரீஸ்டார்ட் தேவை. ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ பழைய கெர்னல்களை நீக்கும்போதும் முந்தையதை விட்டுவைக்கும். புதியது பூட் ஆகாவிட்டால் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.