முதியோர் இல்லம் பார்க்கப் போறீங்களா? மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க!

2021-ல் என் பெரியப்பாவை கோயம்புத்தூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். டெபாசிட் 3 லட்சம், மாதம் 28,000 ரூபாய். அவருக்கு பென்ஷன் 34,000. கணக்கு சரியாத்தானே இருக்குன்னு ரூம், தோட்டம், சாப்பாடு எல்லாம் பார்த்துட்டு கையெழுத்து போட்டுட்டோம்.

ரெண்டே வருஷத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன் முடிஞ்சு திரும்பி வந்ததும், "இனிமே இவருக்கு ஆள் துணை வேணும், வேற பிரிவுக்கு மாத்தணும்" என்று சொல்லி மாதம் 51,000 கேட்டார்கள். டயாப்பர், பிசியோதெரபி தனி. அவங்க ஏமாத்தலைங்க. அக்ரிமெண்ட்டில் 9-ம் பக்கத்தில் இருந்தது. நாங்கதான் படிக்கலை.

அதனால முதல் கேள்வி இதுதான்: தானே நடக்கிறவர், துணை தேவைப்படுகிறவர், படுத்த படுக்கையாக இருக்கிறவர், மறதி நோய் வந்தவர், ஒவ்வொருவருக்கும் இன்றைய ரேட் என்ன? எழுத்தில் வாங்குங்க. பிரிவு மாற்றத்தை முடிவு செய்வது அவங்க நர்ஸா, வெளி டாக்டரா? சில இடங்களில் மறதி நோய் முற்றினால் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிடுவாங்க. அதையும் முன்னாடியே கேட்டுடுங்க.

அடுத்தது வருடாந்திர உயர்வு. 10% தானேன்னு தோணும். 28,000 ரூபாய் 5 வருஷத்தில் சுமார் 45,000, 10 வருஷத்தில் 72,000-க்கு மேல். பென்ஷன் அந்த வேகத்தில் ஏறாது. உயர்வுக்கு உச்சவரம்பு அக்ரிமெண்ட்டில் இருக்கான்னு பாருங்க. ஜிஎஸ்டி சேர்த்து சொல்றாங்களா, தனியாவா? 40,000 ரூபாய்க்கு 18% போட்டால் 47,200 ஆயிடும்.

டெபாசிட் விஷயத்தில் "ரீஃபண்டபிள்" என்ற ஒரு வார்த்தையை நம்பிடாதீங்க. வருஷத்துக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்களா? காலி பண்ணினால் எத்தனை நாளில் வரும்? அவர் இறந்துட்டால் யார் கையில் கொடுப்பாங்க, நாமினி பெயர் எழுதியிருக்கா? ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தால் சாப்பாட்டுக் கட்டணம் குறையுமா? ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அட்வான்ஸ் யார் கட்டுறது? மெடிக்ளைம் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. அது ஆஸ்பத்திரி செலவுக்குத்தான், இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு வராது.

ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை அட்டெண்டர் என்பதையும் கேளுங்க. பகலில் காட்டுற ஆட்கள் கணக்கு வேற.

இதெல்லாம் கேட்க கூச்சமா இருந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க. உங்க அப்பா அம்மா நிலைமையில் இருக்கிற ஒருத்தரோட கடைசி 6 மாத பில், பெயரை மறைச்சுட்டு. ரேட் கார்டில் இல்லாத அயிட்டம் எல்லாம் அதில் தெரிஞ்சிடும். காட்ட மாட்டோம்னா நான் அடுத்த இடம் பார்ப்பேன்.

ஒரு வாரம் காசு கட்டி தங்கிப் பார்க்க அனுமதிக்கிற இடங்களும் இருக்கு. அதில் கட்டாயம் அவங்களையே தங்க வைங்க. பெரியப்பாவை நாங்க சேர்க்கிற அன்னைக்குத்தான் முதல் தடவையா அங்க கூட்டிட்டுப் போனோம்.