அருகிலுள்ள மருத்துவமனையா, உரிய மருத்துவமனையா?

ஆங்கிலத்தில் ‘மேஜர் டிராமா’ எனப்படுவதைத் தமிழில் நேராகப் பெயர்த்தால் ‘பெருங்காயம்’ என்றாகிவிடும். அதற்குச் சமையலறையில் வேறு பொருளுண்டு. ஆகவே இவ்வுரையில் ‘கடுங்காயம்’ என்னும் சொல்லை ஆளுகின்றோம். உயிரைப் போக்கவோ நிலையான ஊனத்தைத் தரவோ வல்ல காயம் என்பது அதன் பொருள்.

விபத்துற்றவரை ஏற்றிய ஆம்புலன்ஸ், வழியிலுள்ள மருத்துவமனையைக் கடந்து தொலைவிலுள்ள வேறொன்றை நோக்கி விரையுமானால் உடனிருக்கும் உறவினர் பதறுவர். அவர்களுடைய இடத்தில் இருந்தால் நாமும் பதறுவோம். ஆயினும் அவ்வாறு கடந்து செல்வதே பலரைப் பிழைக்க வைத்திருக்கிறது. அதனை முதலில் தெளிவாகக் காட்டியவற்றுள் ஒன்று 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு.

கலிபோர்னியாவின் இரு மாவட்டங்களில் வாகன விபத்தால் நேர்ந்த இறப்புகளை அவ்வாய்வு ஒப்பிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் காயமுற்றோர் அனைவரும் ஒரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆரஞ்சு மாவட்டத்திலோ ஏறத்தாழ நாற்பது மருத்துவமனைகள் இருந்தன. எது அருகிலுள்ளதோ அதற்கே வண்டி சென்றது. வசதி மிகுந்த இரண்டாவது ஊரே சிறந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அங்கே, தலைக்காயம் அல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக்கூடியவை என மதிப்பிடப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய இறப்பு ஒன்றே ஒன்று. இத்தனைக்கும் ஆரஞ்சு மாவட்டத்தில் மாண்டவர்கள் வயதில் இளையவர்கள். அவர்களுடைய காயங்களும் கடுமை குறைந்தவை.

குறை மருத்துவர்களின் திறமையில் இல்லை. வயிற்றுக்குள் இரத்தம் கசியும் ஒருவர் நள்ளிரவில் வந்து சேர்கிறார் எனக் கொள்வோம். அறுவை மருத்துவர் வீட்டிலிருந்து வரவேண்டும். மயக்க மருந்து வல்லுநரை அழைக்கவேண்டும். இரத்தத்தை வேறிடத்திலிருந்து தருவிக்கவேண்டும். ஒவ்வொன்றும் சிறிய தாமதமே. சேர்ந்தால் உயிர் போகும். இவையனைத்தையும் இரவும் பகலும் ஆயத்தமாக வைத்திருப்பது எல்லா மருத்துவமனைகளுக்கும் இயலாது. ஆண்டில் ஒருசில கடுங்காயங்களை மட்டுமே காணும் குழுவுக்குக் கைப்பழக்கமும் வாய்ப்பதில்லை.

இங்கிலாந்து இதனைக் காலந்தாழ்ந்தே ஏற்றது. லண்டன் 2010இல் நான்கு கடுங்காய மையங்களை அமைத்தது. 2012 ஏப்ரலில் நாடு முழுவதும் வட்டார வலையமைப்புகள் செயற்படத் தொடங்கின. ஆம்புலன்ஸ் பணியாளர் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், காயத்தின் தன்மை ஆகியவற்றை வரையறுத்த அளவைகளோடு ஒப்பிடுவார். கடுங்காயம் எனத் தோன்றி, மையம் ஏறத்தாழ 45 நிமிடத் தொலைவுக்குள் இருந்தால், இடையிலுள்ள மருத்துவமனைகளில் நிற்காமல் செல்வார். மூச்சுவழி அடைபட்டுச் சீர்செய்ய இயலாமை போன்ற நிலைகளில் அருகிலுள்ளதில் நிறுத்துவார். சிறிய மருத்துவமனைகள் இவ்வமைப்பின் உறுப்புகளே. உரிய நோயாளியை அவை உடனே மேலனுப்பும், தேறியவரைத் திரும்ப ஏற்கும்.

2018இல் வெளியான ஆய்வொன்று, பிழைப்பதற்கான சாத்திய விகிதம் 19 விழுக்காடு உயர்ந்திருப்பதைக் கண்டது. அவ்வேற்றம் ஓரிரவில் வந்ததன்று. பழக்கமும் ஒருங்கிணைப்பும் கூடக்கூடச் சிறிது சிறிதாக வளர்ந்தது. புதிய கட்டடம் திறப்பதைப் போல் ஒரு நாள் விழாவெடுத்து முடிக்கும் செயலன்று இது.

ஓர் இடறலையும் சொல்லவேண்டும். இவ்வமைப்பை வகுத்தோரின் மனக்கண்ணில் இருந்தவர் பெரும்பாலும் வேகமாக வண்டியோட்டி வீழ்ந்த இளைஞர். இங்கிலாந்தின் பதிவேடுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட அறிக்கையோ, முதியோரின் கடுங்காயங்களுக்கு முதன்மையான காரணம் இரண்டு மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருந்து விழுவதே என்றது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியைக் கண்டு எவரும் கடுங்காயம் என எண்ணுவதில்லை. இரத்தம் உள்ளே கசிந்தும், உயர் அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவரின் நாடி விரைவதில்லை, அளவைகள் ஏமாந்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் இதனை முன்னரே உணர்ந்து, 70 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கெனத் தனி அளவைகளை வகுத்துக்கொண்டது. அவற்றின்படி, நின்ற நிலையிலிருந்து விழுந்தவரிடம் மூளைக்காயத்தின் அறிகுறி தென்பட்டாலே வண்டி கடுங்காய மையத்தை நோக்கித் திரும்பவேண்டும்.