பேர் ஞாபகம் வரலைன்னா பரவாயில்லை, அண்ணாச்சி

பொன்விழாச் சந்திப்புக்கு உங்களை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார்களாமே அண்ணாச்சி! உட்காருங்கள், டீ வரட்டும். 1977-ல் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 2027-ல் ஐம்பது வருஷம் நிறைகிறது. பாளையங்கோட்டை ஜான்ஸோ, சேவியர்ஸோ, அந்த நாளில் புதுசாக இருந்த சதக்கத்துல்லா அப்பா கல்லூரியோ, பேட்டை இந்துக் கல்லூரியோ, எதுவானாலும் வேலை ஒன்றுதான். மண்டபம், மைக், நினைவுப் பரிசு எல்லாம் கடைசி இரண்டு மாதத்தில் நடந்துவிடும். அதற்கு முந்தைய வருஷம் முழுக்க ஆளைத் தேடிப் பிடிக்கவேண்டும், பிடித்த ஆள் நழுவாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

முதலில் குரூப் போட்டோவை எடுங்கள். தடித்த அட்டையில் ஒட்டி, அடியில் ‘நிற்பவர்கள் இடமிருந்து வலம்’ என்று பெயர் அச்சடித்த அந்தப் படம்தான். உங்கள் வீட்டில் இல்லையென்றால் யாராவது ஒருத்தர் வீட்டுப் பரணில் இருக்கும். வெயிலில் வைத்து, நிழல் விழாமல், போனிலேயே படம் பிடித்தால் போதும்.

ஏன் படம் முதலில் என்கிறேன் என்றால், அதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. 1975-ல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளி முடித்துக் கொஞ்ச நாளே ஆனவர்கள் முதல் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆனவர்கள் வரை 392 பேரைச் சோதித்தார்கள். ‘கூடப் படித்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்டபோது, வருஷம் ஏற ஏறப் பெயர்கள் உதிர்ந்துகொண்டே போயின. பள்ளி ஆண்டு மலரிலிருந்த முகங்களை வேறு முகங்களோடு கலந்து காட்டியபோதோ, முப்பது வருஷம் தாண்டியவர்களும் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார்கள். ஐம்பதை நெருங்கியவர்களிடம்தான் சரிவு தெரிந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அவர்கள் காட்டியது பழைய முகத்தை. இன்றைய முகத்தைக் காட்டினால் கதை வேறு. அதனால்தான் போன் போட்டதும் “என்னல, என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்” என்று பரீட்சை வைப்பதைப் போலக் கொடுமை வேறில்லை என்பேன். எழுபது வயதில் பெயர் சட்டென்று வராது. வராதபோது எதிர்முனையில் இருப்பவர் தன் மூளைதான் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோவார். பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, எந்த பெஞ்சில் உட்கார்ந்தீர்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். சந்திப்பு நாளில் சட்டையில் குத்தும் அட்டையிலும் பெயருக்கு மேலே 1977 முகத்தை வெட்டி ஒட்டுங்கள். பக்கத்தில் நிற்பவர் அட்டையைப் பார்த்து, ஆளைப் பார்த்து, அப்புறம் சிரிக்கட்டும்.

சரி, காணாமல் போனவர்களை எங்கே தேடுவது? பெயரை வைத்துத் தேடினால் நம் ஊரில் பாதிதான் தேறும். ஒரே வகுப்பில் நாலு சுப்பிரமணியன், மூணு செல்வராஜ், ரெண்டு இசக்கிமுத்து. இனிஷியலை எடுத்துவிட்டால் யார் யாரென்றே தெரியாது. சாரா தக்கர் மகளிர் கல்லூரியில் படித்த அக்காமார்களுக்கு இன்னும் சிக்கல். கல்யாணம் ஆனதும் அப்பாவின் எழுத்துப் போய்க் கணவரின் எழுத்து வந்திருக்கும். இடமாற்றத்தில் ஊரும் நாலைந்து மாறியிருக்கும். ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பாடு லேசு. அது தொடங்கியதே 1965-ல்தான். டாக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் பெயர் இருக்கும், பல வருஷம் ஒரே ஹாஸ்டலில் கிடந்த நெருக்கமும் உண்டு. பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். முடித்தவர்கள்தான் திசைக்கொருவராகச் சிதறியது.

ஆகவே வகுப்பு வாரியாகத் தேடாதீர்கள், செட்டு செட்டாகத் தேடுங்கள். சீசன் டிக்கெட் எடுத்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவியிலிருந்து தினமும் வந்தவர்கள் ஒரு டிரெயின் செட்டு. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் பக்கமிருந்து வந்தவர்கள் இன்னொன்று. அப்புறம் ஹாஸ்டல் செட்டு, டவுனிலிருந்து வந்த சைக்கிள் செட்டு. கணக்கு வகுப்பில் யார் இருந்தார் என்பது மறந்திருக்கலாம், ரயிலில் ஜன்னலோரம் யார் பிடித்தார் என்பது மறக்காது. ஒரு செட்டில் ஒருவர் கிடைத்தால் மற்ற நாலு பேரும் கிடைத்த மாதிரி. அன்றைக்கு எல்லாமே ஒரே திருநெல்வேலி ஜில்லா. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்களாகிவிட்டன, முகவரி தேடும்போது இது நினைவிலிருக்கட்டும். பட்டச் சான்றிதழ் சம்பந்தமாக விசாரிப்பதென்றால், அது மதுரைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. ‘காமராசர்’ பெயரில் சேர்ந்ததே 1978-ல்தான். நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் வந்தது, அங்கே போய்க் கேட்காதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. பங்குனி உத்திரத்துக்கு எந்தத் தேசத்தில் இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுகிற குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். கிறிஸ்தவ ஊர்களில் அசனப் பண்டிகைக்கு வருவார்கள். ஆள் வராவிட்டாலும் தம்பி வருவார், மச்சான் வருவார். அங்கே ஒரு வார்த்தை கேட்டால் போன் நம்பர் வந்துவிடும். முகநூலைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

நம்பர் கிடைத்ததும் வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் வரும், அரசியல் வரும், சண்டை வரும், ரெண்டு பேர் வெளியேறுவார்கள். குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும். ஆளைச் சேர்த்து வைத்திருப்பது தனியாகப் போடுகிற போன்தான். செட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, மாதம் ஒருமுறை அவரவர் ஆட்களோடு பேசச் சொல்லுங்கள். தட்டச்சு செய்ய விரல் நடுங்குகிறவருக்குக் குரல்பதிவு போதும்.

பெயர்ப் பட்டியலில் பதவியைப் போடாதீர்கள். ‘ஓய்வு பெற்ற இணை இயக்குநர்’ என்று ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் போட்டால், அடுத்த வரியில் மளிகைக்கடை வைத்திருந்தவர் வரமாட்டார். வராமல் இருப்பதற்கு முழங்கால் வலி என்று காரணம் சொல்வார். பெயர், ஊர், போன் நம்பர் போதும். நன்கொடை எவ்வளவு கொடுத்தார் என்பதும் பொருளாளருக்குத் தெரிந்தால் போதும்; குழுவில் தொகையைப் போடுவது அசிங்கம் என்பது என் கட்சி.

காலமானவர்கள் பட்டியலும் ஒன்று சேரும், தவிர்க்க முடியாது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று நாற்பது பேர் குழுவில் ஒட்டுவதால் அந்த வீட்டுக்கு ஒன்றுமில்லை. ஒருவர் போய்விட்டு வரட்டும். சந்திப்புக்கு அந்த வீட்டம்மாவையோ, ஐயாவையோ, பிள்ளைகளையோ அழையுங்கள். கல்லூரிக் காலத்து அப்பாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களை விட்டால் வேறு ஆளில்லை.

தேதிக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி என்ன செய்தாள் என்று பார்த்தோமே, மார்கழியையும் நம்பமுடியாது. பங்குனி தொடங்கினால் பாளையங்கோட்டை வெயிலை எழுபது வயது தாங்காது. சாரல் காலம் குற்றாலத்துக்குச் சரி, ஆனால் அமெரிக்காவில் பேரப்பிள்ளை பார்க்கிறவர்களுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான், அவர்களால் அங்கிருந்து நகரமுடியாது. 2027-ல் ரமலான் நோன்பும் தவக்காலமும் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலேயே தொடங்குகின்றன. நோன்பு நாளில் மேலப்பாளையத்து நண்பரை அழைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சொதியும் இஞ்சிப் பச்சடியும் சாப்பிடுவது நன்றாகவா இருக்கும்? மிஞ்சுவது ஜனவரிக் கடைசி. தையில் முகூர்த்தம் அதிகம், பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுங்கள். முகூர்த்தம் குறுக்கிடாவிட்டால் ஜனவரி 30 சனிக்கிழமையை வைத்துக்கொள்ளலாம்.

ரயில் டிக்கெட்டுக்கு ஒரு வார்த்தை. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது, அதுவும் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் இருந்தால்தான். நாலைந்து பேர் சேர்ந்து வருகிறோம் என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டால் எழுபது வயதில் மேலே ஏறவேண்டியதுதான். முன்பதிவுக் காலமும் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஜனவரி 29 வெள்ளி இரவு சென்னையில் ரயிலேறுகிறவர்களுக்கு நவம்பர் 30 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்.