ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு முழக்கம்

ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழியில் காற்றுக்கு ஓய்வு கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாயில் நெருக்கியடித்துப் புகுந்து கிழக்கே பாயும். நாஞ்சில் நாட்டுக் காதுகளுக்கு அந்த இரைச்சல் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். பீரங்கிச் சத்தமும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் படையை முறியடித்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. பிற்காலத்தில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வந்தன. இறக்கைகள் காற்றை அறுக்கும் ஓசையும் சேர்ந்துகொண்டது.

இவை எதோடும் ஒட்டாத ஒரு முழக்கம் 1980-களில் மகேந்திரகிரியில் இருந்து வரத் தொடங்கியது. இஸ்ரோ தன் திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதிக்கும் களத்தை அந்த மலையடிவாரத்தில், நெல்லை மாவட்ட எல்லைக்குள் அமைத்தது. சத்தத்துக்கு ஏது மாவட்ட எல்லை? காவல்கிணறு, பணகுடிக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு ஆரல்வாய்மொழிக்கும் உண்டு. மலையில் வெடி போடுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் அங்கே எதுவும் வெடிப்பதில்லை. பீரங்கி என்றால் ஒரே அதிர்வலை, அத்தோடு முடிந்தது. 2021 ஜூலை 14 அன்று ககன்யான் திட்டத்துக்காகச் சோதித்த விகாஸ் எஞ்சின் 240 நொடிகள் நிற்காமல் எரிந்தது. நான்கு நிமிடம் தொடர்ந்து வரும் அந்த ஒலியைப் பிறப்பிப்பது, எஞ்சினை விட்டு வெளியே வந்துவிட்ட வாயுத் தாரை.

பேச்சிப்பாறை அணையின் மதகைத் திறந்ததும், பாய்ந்து வரும் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் உரசி ஓரமெல்லாம் சுழியிடுமே, அதேபோல்தான் வேகமான வாயு அமைதியான காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போதும் சுழல்கள் பிறக்கின்றன. அந்தச் சுழல்கள் காற்றின் அழுத்தத்தை ஏற்றி இறக்குகின்றன. அந்த ஏற்ற இறக்கமே ஒலி. இதைக் கணக்காக்கியவர் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். தாரையின் வேகம் ஒலியின் வேகத்துக்குக் குறைவாக இருக்கும்வரை, ஒலியின் திறன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும் என்று 1952-இல் அவர் எழுதினார். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் 256-இல் ஒரு பங்காகிவிடும். அன்றைய ஜெட் விமானங்களைவிட இன்று திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானங்கள் சத்தம் குறைந்தவையாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இப்போதைய எஞ்சின்கள் கூடுதல் காற்றை மெதுவாகத் தள்ளுகின்றன.

ராக்கெட்டுக்கு அந்த வழி இல்லை. வேகம்தான் அதன் உயிர். விகாஸில் இருந்து வாயு நொடிக்கு இரண்டரை கிலோமீட்டர் அளவில் சீறுகிறது. நம் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். தாரையின் சுழல்கள் தாங்கள் எழுப்பும் ஒலியையே முந்திக்கொண்டு ஓடுவதால், ஒலி சிதறாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, மாக் அலைகளாகச் சாய்வாக இரு பக்கமும் பாய்கிறது. தாரைக்கு நேர் எதிரே நிற்பவரைவிடச் சற்று விலகிப் பக்கவாட்டில் நிற்பவருக்கே அடி பலமாக விழும். அதற்குள்ளே படபடவென்று பொரிவது போன்ற ஒலியும் கலந்திருக்கும். அழுத்தம் சட்டென்று ஏறி மெல்ல இறங்கும் அலைகளின் வேலை அது.

அடுத்த காரணம் எஞ்சினின் விரிந்த வாயில் இருக்கிறது. வாயு வெளியேறும் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமமாக இல்லாவிட்டால், தாரைக்குள் அதிர்ச்சி அலைகள் வரிசை கட்டி நிற்கும். படங்களில் சுடருக்குள் வைரக் கற்கள் கோத்தது போல் தெரிவது அவைதான். சுழல்கள் அவற்றைக் கடக்கும்போது தனி இரைச்சல் பிறந்து எஞ்சின் பக்கமாகவே திரும்பி வருகிறது. 2024 நவம்பர் 29 அன்று மகேந்திரகிரியில் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினைத் தரைமட்டக் காற்றழுத்தத்தில் சோதித்தபோது எதிர்கொண்ட சிக்கலுக்கும் இந்த அழுத்த வேறுபாடே மூலம். விண்வெளிக்காக அகல விரிந்த அதன் வாயில் அழுத்தம் ஏறத்தாழ 50 மில்லிபார்தான். வெளியே ஏறத்தாழ ஆயிரம். வெளிக்காற்று உள்ளே நெருக்கினால் வாயு சுவரை விட்டுப் பிரிந்து எஞ்சினையே உலுக்கிவிடும். அதைத் தடுக்கத் தனிப் பாதுகாப்பு ஏற்பாடு செய்துதான் எரித்தார்கள்.

இனி அளவு. விகாஸின் உந்துவிசையையும் வாயுவின் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டால், தாரையின் திறன் ஏறத்தாழ 900 மெகாவாட். பக்கத்துக் கூடங்குளத்தில் ஓர் அணு உலை தரும் மின்சாரம் 1000 மெகாவாட். ராக்கெட் தாரையின் திறனில் அரை முதல் ஒரு சதவீதம்வரை ஒலியாக மாறும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஊரை அதிர வைப்பது இந்தச் சொற்பப் பங்குதான்! தாரை பெரிதானால் ஒலியின் சுருதி இறங்கும். தாழ்ந்த ஒலியைக் காற்று அவ்வளவாக விழுங்காது. அதனால்தான் தூரத்து வீட்டில் சீறல் கேட்காமல், உறுமலும் ஜன்னல் அதிர்வுமாக வந்து சேர்கிறது.

ராக்கெட் கிளம்பும்போது இந்த ஒலி அதன் மேலிருக்கும் செயற்கைக்கோளையும் உலுக்கும். அதனால் பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஒலிச் சோதனைக் கூடம் போன்ற இடங்களில் அதை முன்கூட்டியே பேரொலிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடங்கள் கிளம்பும்போது ஏவுதளத்தில் 11 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொட்டினார்கள். தண்ணீர்த் துளிகள் தாரையின் வேகத்தையும் சூட்டையும் வாங்கிக்கொள்ள, சத்தம் தணியும்.

மகேந்திரகிரியின் கதையில் நம் குமரி மாவட்டத்தின் பங்கு பெரிது. விகாஸை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அந்த எஞ்சின் 1985-இல் முதலில் எரிந்தது பிரான்சில். இஸ்ரோவின் தலைவர்களான மாதவன் நாயர், சிவன், இப்போதைய நாராயணன் மூவரும் குமரி மாவட்டத்துக்காரர்கள். இத்தனை பேரைத் தந்த மண்ணில், மலையில் இருந்து வரும் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

அந்த ஒலி இன்னும் கூடப்போகிறது. விகாஸின் உந்துவிசை சுமார் 800 கிலோநியூட்டன். அடுத்து வரும் செமி கிரையோஜெனிக் எஞ்சினுக்கு 2000. அதன் முக்கியப் பகுதியை 2025 மார்ச் 28 அன்று இரண்டரை நொடி எரித்துப் பார்த்துவிட்டார்கள். முழு எஞ்சின் எரியும் நாள் வருமுன் தோவாளை, பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழிப் பள்ளிகளும் நாகர்கோவில் கல்லூரிகளும் ஒலி அளவுமானி வாங்கி இன்றைய அளவைக் குறித்து வைக்க வேண்டும். காற்றின் திசையையும் சேர்த்தே குறியுங்கள். ஆனி ஆடியில் மேல்காற்று ஒலியைக் காவல்கிணறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், பூதப்பாண்டிக்குக் குறைத்துத் தரும். சோதனை நாளையும் நேரத்தையும் சுற்று ஊர்களுக்கு முன்பே அறிவிக்கும்படி மகேந்திரகிரி மையத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.