தென் துருவக் கடலில் திமிங்கில ஆராய்ச்சி அனுமதி

ஓர் அரசாங்கம் தன் குடிகளுக்கு வழங்கும் அனுமதிப் பத்திரம் பெரும்பாலும் அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே செல்லுபடியாகும். ஆயின், உலக நாடுகளிற் பெரும்பாலானவை பொதுக் கடலெனக் கொள்ளும் தென் துருவக் கடலிலே திமிங்கிலத்தைக் கொல்ல ஓர் அரசாங்கம் தானே அனுமதி அளிக்கலாமா? அளிப்பின், அது மெய்யாகவே ஆராய்ச்சிக்கு அளிக்கப்பட்டதா என்பதை யார் தீர்ப்பது? அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞரையும் அரசுகளையும் அலைக்கழித்த இவ்வினாவின் வரலாற்றை இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே திமிங்கில வேட்டை தென் துருவக் கடலை எட்டியது. திமிங்கிலத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்ட நெய் சவர்க்காரத்துக்கும் மாஜரீன் என்னும் செயற்கை வெண்ணெய்க்கும் பயன்பட்டது. 1930-31 ஆம் ஆண்டுப் பருவத்தில் மாத்திரம் ஏறக்குறைய 29,000 நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அக்காலத்து விஞ்ஞானிகள் இவ்வேட்டையோடு ஒட்டியே தம் ஆராய்ச்சியை நடத்தினர். 1925 இல் தென் ஜோர்ஜியாத் தீவுக்குச் சென்ற பிரித்தானிய அறிஞர்கள், வியாபாரிகள் கரைக்கு இழுத்து வந்த உடல்களை அளந்தும் அறுத்தும் அவற்றின் உணவு, இனப்பெருக்கம் ஆகியவற்றைக் கற்றனர். உயிருள்ள திமிங்கிலத்தை அணுகி அறிதற்கு அன்று வழிகள் மிகச் சிலவே.

இப்பின்னணியிலேதான் 1946 டிசெம்பரில் வாஷிங்டன் நகரிலே திமிங்கில வேட்டையை ஒழுங்குபடுத்தும் சர்வதேச உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அதன் எட்டாம் பிரிவு, விஞ்ஞான ஆராய்ச்சியின் பொருட்டுத் திமிங்கிலங்களைக் கொல்வதற்கு எந்த உறுப்பு நாடும் தன் குடிகளுக்கு விசேட அனுமதி வழங்கலாம் என்கின்றது. எத்தனை, எந்நிபந்தனையில் என்பதை அவ்வரசே விதிக்கலாம். அவ்வாறு கொல்லப்படுபவை உடன்படிக்கையின் ஏனைய கட்டுப்பாடுகளுக்கு உட்படா. கொன்ற உடலை இயன்றவரை வீணாக்காது பயன்படுத்தல் வேண்டுமென்றும் அப்பிரிவு கூறுகின்றது. ஆகவே, இறைச்சியை விற்பது தன்னளவிற் குற்றமன்று.

1982 இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு வியாபார வேட்டையை நிறுத்தி வைக்கத் தீர்மானித்தது. 1985-86 பருவத்திலிருந்து அத்தீர்மானம் நடைமுறைக்கு வந்தது. அதுகாறும் சிறு விதிவிலக்காய்க் கிடந்த எட்டாம் பிரிவு அதன்பின் பெரியதொரு வாயிலாயிற்று. யப்பான் 1987-88 பருவத்தில் தென் துருவக் கடலிலே முதலாவது ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அது முடிவதற்குள், பதினெட்டு ஆண்டுகளில், 6,700 க்கு மேற்பட்ட மிங்கித் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 2005-06 இல் தொடங்கிய இரண்டாவது திட்டமோ, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 850 மிங்கித் திமிங்கிலங்களையும், துடுப்புத் திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம் ஆகியவற்றில் ஐம்பது ஐம்பதையும் இலக்காகக் கொண்டது. கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்றேனும் பிடிக்கப்படவில்லை.

இவ்வனுமதிக்கு மேற்பார்வையே இல்லையெனக் கொள்ளலாகாது. அனுமதி வழங்குமுன் திட்டத்தின் நோக்கம், கொல்லப்படவிருக்கும் உயிர்களின் தொகை, இனத்தின் நிலைபேற்றுக்கு நேரக்கூடிய விளைவு, பிறநாட்டு அறிஞர் பங்குபற்ற வாய்ப்பு உண்டா என்பவற்றை ஆணைக்குழுவின் விஞ்ஞானக் குழுவுக்கு அறிவித்தல் வேண்டும். அக்குழு ஆராய்ந்து கருத்துக் கூறும். ஆனால் தடுக்க அதற்கு அதிகாரமில்லை. முடிவு அனுமதி கேட்போரின் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது.

யப்பானின் வாதத்தையும் நேர்மையாகக் கூறுதல் கடன். திமிங்கிலத்தின் வயதைக் காதினுள் அடுக்கடுக்காகப் படியும் மெழுகு போன்ற அடைப்பைக் கொண்டே கணிக்கலாம். உண்ட உணவை இரைப்பையைத் திறந்தே காணலாம். இவை உயிருள்ள விலங்கிற் பெறவியலாதன என்பது அவ்வாதம். மறுதரப்பினரோ, தோலிற் சிறு துணுக்கை எடுத்து மரபணுவை ஆராய்தல், வாலின் அடையாளங்களைப் படம்பிடித்துத் தனித்தனியே இனங்காணல், செய்மதிக் கருவி பொருத்திப் பின்தொடர்தல், கடலுள் ஒலியைக் கேட்டல் முதலிய புதுவழிகள் கொல்லாமலே பெரும்பாலான வினாக்களுக்கு விடையளிக்குமென்றனர்.

2010 இல் அவுஸ்திரேலியா இவ்வழக்கை ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது, நியூசிலாந்தும் தலையிட்டது. வழக்கின் உயிர்நிலை ஒரு சொல்லிலே இருந்தது. தமிழிலே நான்காம் வேற்றுமைப் பொருள்களுட் ‘பொருட்டு’ என்பது ஒன்று என மாணவர் அறிவர். ஆராய்ச்சியோடு தொடர்புடைய செயல் வேறு. ஆராய்ச்சியின் பொருட்டுச் செய்யப்படும் செயல் வேறு. இவ்வேறுபாட்டையே நீதிமன்றம் பற்றிக்கொண்டது. இரண்டாவது திட்டம் பரந்த நோக்கில் விஞ்ஞான ஆராய்ச்சி எனப்படலாம் என்று அது ஒப்புக்கொண்டது. ஆயினும், கொலை ஆராய்ச்சியின் பொருட்டா என்பதை அரசின் வாய்ச்சொல் தீர்க்காது. வகுத்த முறையும் நடத்திய முறையும் கூறிய நோக்கத்துக்கு நியாயமாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும் என்றது.

பார்த்தபோது பொருத்தம் காணப்படவில்லை. முதற் பருவத்தில் 853 மிங்கித் திமிங்கிலங்கள். 2012-13 இல் 103 மாத்திரமே. 850 இன்றியமையாததாயின் 103 எவ்வாறு போதும்? 103 போதுமாயின் 850 எதற்கு? கொல்லாத முறைகளாற் சிறிய தொகை போதுமா என்று ஆராய்ந்த சான்றும் போதியதாக இல்லை. ஏறக்குறைய 3,600 மிங்கித் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டும், அறிஞர் மதிப்பீட்டுக்கு உட்பட்டு வெளிவந்த கட்டுரைகள் இரண்டே எனத் தீர்ப்புச் சுட்டிற்று. 2014 மார்ச் 31 இல், பன்னிருவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, வழங்கிய அனுமதிகளை நீக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது.

அடுத்த பருவத்தில் யப்பான் அக்கடலிற் கொலையைத் தவிர்த்தது. ஆயின் 2015-16 இல், ஆண்டுக்கு 333 மிங்கித் திமிங்கிலங்கள் என்ற புதுத் திட்டத்தோடு மீண்டும் சென்றது. கடல்வாழ் உயிர்ச் செல்வங்கள் பற்றிய வழக்குகளில் அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதில்லையென 2015 இல் அறிவித்தும்விட்டது. இறுதியில், 2019 ஜூன் 30 இல், உடன்படிக்கையினின்றும் விலகித் தன் கடலெல்லைக்குள் வெளிப்படையாக வியாபார வேட்டையைத் தொடங்கியது. தென் துருவக் கடலில் வேட்டை நின்றது. வழக்கு முடித்ததைக் காட்டிலும் விலகலே முடித்ததென்பது சட்டத்தின் எல்லையை நமக்குக் காட்டுகின்றது.

எனினும் தீர்ப்பு வீணாயிற்றென்று சொல்லற்க. ஆராய்ச்சி என்ற பெயரைச் சூட்டுவதனாலே ஒரு செயல் ஆராய்ச்சியாகாது. முதலில் வினா, பின்னர் அவ்வினாவுக்கு வேண்டிய அளவு சான்று, அதன்பின் பிறர் சோதிக்கத்தக்க வெளியீடு என்னும் ஒழுங்கு அதற்கு வேண்டும் என்பதை உலகின் உயர்ந்த நீதிமன்றமொன்று நிலைநாட்டியுள்ளது. நம் கல்லூரியின் விஞ்ஞானகூடத்திலே சிறு பரிசோதனை செய்யும் மாணவனுக்கும் இவ்வொழுங்கே பொருந்தும். எத்துணைப் பெரிய அனுமதியைக் கையிற் பெற்றவராயினும், அதை எதன் பொருட்டுப் பெற்றோம் என்று தம்மைத் தாமே கேட்பவரே அறிஞராவர்.